கோடைகால ஆராய்ச்சி முகாமுக்கு விண்ணப்பித்தல்: சாணார்பட்டியிலிருந்து ஒரு பார்வை

பள்ளி மாணவர்களுக்கான கோடைகால ஆராய்ச்சி முகாம்கள் பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கானவை. சில நாட்கள் முதல் ஆறு வாரங்கள் வரை மாணவர் ஓர் ஆய்வு நிறுவனத்தில் தங்குகிறார். விஞ்ஞானிகளோடு பேசுகிறார், கருவிகளைத் தொட்டுப் பார்க்கிறார், சில முகாம்களில் ஒரே கேள்வியை முகாம் முடியும்வரை தொடர்ந்து ஆராய்கிறார். இந்தியாவில் இவற்றுள் அதிகம் பேசப்படுவது இஸ்ரோ 2019-இல் தொடங்கிய ‘யுவிகா’ என்னும் இளம் விஞ்ஞானி திட்டம். முகாம் நடக்கும் ஆண்டின் ஜனவரி 1-ஆம் தேதியன்று ஒன்பதாம் வகுப்பில் இருப்பவர்கள் இதற்கு விண்ணப்பிக்கலாம். திருவனந்தபுரம், பெங்களூரு, அகமதாபாத், ஸ்ரீஹரிகோட்டா முதலிய இஸ்ரோ மையங்களில் மே மாதம் இரண்டு வாரம் நடக்கிறது. பத்தாம் வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் பெற்றுப் பதினொன்றில் அறிவியல் பிரிவு எடுத்தவர்களுக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ‘இன்ஸ்பயர்’ முகாம்கள் உண்டு. 1999 முதல் நடந்துவந்த கே.வி.பி.ஒய். உதவித்தொகைத் திட்டம் 2022-இல் நிறுத்தப்பட்டு இன்ஸ்பயரோடு இணைக்கப்பட்டது. வெளிநாட்டில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. வளாகத்தில் நடக்கும் ‘ரிசர்ச் சயின்ஸ் இன்ஸ்டிட்யூட்’ 1984 முதல் இயங்குகிறது. அது ஆறு வார முகாம், கட்டணம் கிடையாது, உலகம் முழுவதிலுமிருந்து நூறு பேர் அளவிலேயே எடுக்கிறார்கள். கணிதத்துக்கு 1957-இல் தொடங்கிய ‘ராஸ்’ முகாமும், 1989-இல் பாஸ்டனில் தொடங்கிய ‘ப்ராமிஸ்’ முகாமும் பெயர்பெற்றவை.

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையில், சிறுமலையை ஒட்டிய சமவெளியில் இருக்கும் சாணார்பட்டி ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். இந்த ஒன்றியத்தின் அரசுப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு படிக்கும் மாணவிக்கு மேற்சொன்ன முகாம்களில் எதற்கு வாய்ப்பு இருக்கிறது, எதற்கு எப்படித் தயாராக வேண்டும் என்ற கேள்விக்குப் பொதுவான அறிவுரைகள் பயன்படுவதில்லை. முகாமுக்கு முகாம் தேர்வுமுறை வேறுபடுகிறது. தேர்வுமுறை தெரிந்தால்தான் எதில் நேரம் செலவிடுவது என்று தெரியும்.

தேர்வுமுறைகளை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, தகுதிகளுக்கு எண்களைக் கொடுத்துக் கூட்டிப் பார்ப்பது. மற்றொன்று, மாணவர் எழுதியதையும் செய்ததையும் ஆசிரியர் கடிதத்தையும் ஒருவர் உட்கார்ந்து படித்து முடிவெடுப்பது. யுவிகா முதல் வகை. எம்.ஐ.டி. முகாம் இரண்டாம் வகை. ராஸ், ப்ராமிஸ் போன்ற கணித முகாம்கள் இரண்டாம் வகையிலேயே கடினமான கணக்குகளையும் சேர்த்து அனுப்புகின்றன.

அண்மை ஆண்டுகளின் யுவிகா அறிவிப்புகளில் மதிப்பீடு நூற்றுக்கு இப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது: எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50, இணையவழி வினாடி வினாவுக்கு 10, கடந்த மூன்று ஆண்டுகளில் அறிவியல் கண்காட்சியில் பங்கேற்றதற்குப் பள்ளி, மாவட்டம், மாநிலம் என்ற நிலைக்கேற்ப 2, 5, 10. ஒலிம்பியாட் போன்ற போட்டிகளில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் 2, 4, 5. விளையாட்டு வெற்றிக்கும் அதே 2, 4, 5. சாரணர் இயக்கம், என்.சி.சி., என்.எஸ்.எஸ். இவற்றில் உறுப்பினராக இருந்தால் 5. ஊராட்சிப் பகுதியில் உள்ள கிராமப்புறப் பள்ளியில் படித்தால் 15. இந்த எண்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை என்பதால் அந்தந்த ஆண்டு அறிவிப்பையே கடைசிச் சொல்லாகக் கொள்ள வேண்டும்.

இந்தப் பட்டியலைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவசியம். நகரத்துத் தனியார் பள்ளியில் 98 விழுக்காடு வாங்கிய ஒருவர், வேறெதிலும் சேராமல், வினாடி வினாவில் முழு மதிப்பெண் பெற்றால் 49-உம் 10-உம் சேர்ந்து 59. சாணார்பட்டி ஒன்றியக் கிராமப் பள்ளியில் 90 விழுக்காடு வாங்கிய மாணவி வினாடி வினாவைத் தொடுமுன்பே 45-உம் 15-உம் சேர்ந்து 60-இல் நிற்கிறார். மாவட்ட அறிவியல் கண்காட்சியில் கலந்துகொண்டு, சாரணர் இயக்கத்திலும் இருந்தால் 70. ‘இஸ்ரோவெல்லாம் நமக்கு எங்கே’ என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடும் வீடுகள் இந்தக் கூட்டலை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆனால் 15 மதிப்பெண் எல்லாக் கிராமப்புறப் பள்ளி மாணவர்களுக்கும் கிடைப்பது. தேர்வு மாநில வாரியாக நடக்கிறது. தமிழ்நாட்டில் கிராமப்புறப் பள்ளிகள் மிகுதி. ஆகவே உண்மையான போட்டி நகரத்தோடு அல்ல, இதேபோன்ற இன்னொரு கிராமப் பள்ளியின் நல்ல மாணவரோடு. அங்கே முடிவு செய்வது அறிவியல் கண்காட்சி, போட்டி, விளையாட்டு, சாரணர் என்ற சிறு எண்கள்தாம். இந்தச் சிறு எண்களில் ஒன்றைக்கூட விண்ணப்பம் திறக்கும் பிப்ரவரி, மார்ச் மாதத்தில் சம்பாதிக்க முடியாது. அந்த நேரத்தில் மாணவர் கையில் மீதமிருப்பது வினாடி வினாவின் 10 மட்டுமே. மற்ற 90-உம் ஏற்கெனவே முடிந்துபோனவை. எனவே ஒன்பதாம் வகுப்பில் விண்ணப்பிக்க விரும்புபவர் ஏழாம், எட்டாம் வகுப்புகளிலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

உள்ளூர்ப் பள்ளி நடைமுறையில் சில இழப்புகள் தெரியாமலே நடக்கின்றன. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளில் பள்ளிகள் கண்காட்சி வைக்கின்றன. மாணவர்கள் மாதிரிகளைச் செய்துவந்து வைக்கிறார்கள், பாராட்டும் கிடைக்கிறது, சான்றிதழ் மட்டும் யாருக்கும் தரப்படுவதில்லை. தலைமை ஆசிரியரின் கையொப்பமும் பள்ளி முத்திரையும் தேதியும் உள்ள ஒரு தாள் இல்லாவிட்டால் அந்தப் பங்கேற்பு விண்ணப்பத்தில் இடம்பெறாது. அரசுப் பள்ளிகளில் ஜே.ஆர்.சி. (இளஞ்செஞ்சிலுவை), பசுமைப்படை ஆகியவை பரவலாக உள்ளன. அவை நல்ல அமைப்புகள். ஆனால் அறிவிப்பில் பெயர் சொல்லப்பட்டவை சாரணர், என்.சி.சி., என்.எஸ்.எஸ். மூன்றுமே. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் என்.எஸ்.எஸ். மேல்நிலை வகுப்புகளுக்கே உரியதால், எட்டாம் வகுப்பு மாணவருக்கு உண்மையில் திறந்திருப்பவை முதல் இரண்டுதான். பள்ளியில் சாரணர் குழு இல்லையென்றால், ஒன்றைத் தொடங்கும்படி பெற்றோர் கேட்பது நியாயமான கோரிக்கை. பேரூராட்சி எல்லைக்குள் உள்ள பள்ளியில் படிப்பவர்கள் கிராமப்புற மதிப்பெண் தங்களுக்குப் பொருந்துமா என்பதை அறிவிப்பின் வரையறையைப் படித்தே முடிவு செய்ய வேண்டும். தவறான தகவல் தந்தால் விண்ணப்பமே நிராகரிக்கப்படும்.

ஆவணங்களில் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் தலைப்பெழுத்து. ஆதாரில் தலைப்பெழுத்து பின்னால் இருக்கும், மதிப்பெண் பட்டியலில் முன்னால் இருக்கும், கண்காட்சிச் சான்றிதழில் இருக்கவே இருக்காது, வங்கிக் கணக்கில் தந்தையின் முழுப்பெயர் ஒட்டியிருக்கும். விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் அலுவலருக்கு இவை நான்கு வேறு பெயர்கள். பள்ளி மாணவர்களின் புதிய யோசனைகளுக்கான ‘இன்ஸ்பயர்–மானக்’ போட்டியில் தேர்வாகும் யோசனைக்கு வரும் 10,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வருவதால், அங்கும் இதே பெயர்ச் சிக்கல் தலைகாட்டும். பள்ளியின் எமிஸ் என்னும் மாணவர் தகவல் பதிவில் உள்ள பெயரையே அடிப்படையாக வைத்து, மற்ற ஆவணங்களை ஓராண்டு முன்பே அதனோடு பொருத்திவிடுவது பின்னால் வரும் பல அலைச்சல்களைத் தவிர்க்கும்.

ஆவணங்களும் எண்களும் ஒருபுறம் இருக்க, எந்த முகாமுக்கும் அடித்தளமாக நிற்பது மாணவர் உண்மையாகச் செய்த ஓர் ஆய்வு. யுவிகாவில் அது கண்காட்சி மதிப்பெண்ணாகிறது. வெளிநாட்டு முகாமில் அதுவே கட்டுரையின் உள்ளடக்கம். ஆய்வுக்கு ஆய்வகம் வேண்டும் என்ற எண்ணம் கிராமப் பள்ளிகளில் வலுவாக இருக்கிறது. உண்மையில் முதலில் வேண்டியது அளந்து பார்க்கக்கூடிய அளவுக்குச் சிறிய கேள்வி.

சாணார்பட்டிப் பகுதியில் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இங்கே வீடுகளில் தண்ணீரை ‘நல்ல தண்ணி’, ‘உப்புத் தண்ணி’ என்று பிரித்தே பேசுகிறார்கள். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது என்பது சமைப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். ‘நிலத்தடி நீர் மாசு’ என்ற தலைப்பில் ஒரு மாதிரி செய்வதைவிட, ‘ஐந்து கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பு வேக எவ்வளவு நேரம் ஆகிறது, அந்த நேரம் தண்ணீரின் கடினத்தன்மையோடு எப்படி மாறுகிறது’ என்று கேட்பது ஆராய்ச்சி. பருப்பு ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியதாக இருக்க வேண்டும். எடையும் தண்ணீரின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். விறகடுப்பின் தீ ஏறி இறங்கும் என்பதால், கொதிக்கும் தண்ணீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் சிறு பாத்திரங்களை ஒன்றாக வைத்து வேகவைக்கலாம். ‘வெந்துவிட்டது’ என்பதற்கும் அளவுகோல் வேண்டும்: இருபது பருப்பை எடுத்து விரலால் நசுக்கினால் எத்தனை நசுங்குகின்றன என்று எண்ணலாம். ஒவ்வொரு தண்ணீருக்கும் பலமுறை செய்து பார்த்தால்தான் வித்தியாசம் தண்ணீரால் வந்ததா, தற்செயலா என்று தெரியும்.

இதன் காரணமும் பாடப்புத்தகத்துக்கு வெளியே இட்டுச்செல்லும். கடின நீரிலுள்ள கால்சியம், மெக்னீசியம் அயனிகள் பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினோடு பிணைந்து அதைக் கரையவிடாமல் இறுக்குகின்றன. சமையல் சோடா போட்டால் பருப்பு சீக்கிரம் வேகிறது என்ற வீட்டு அனுபவத்தையும் அடுத்த சோதனையாக்கலாம். கடினத்தன்மையை அளக்க மாணவர்கள் பொதுவாகச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரை நாடுகிறார்கள். அந்தக் கருவி நீரின் மின்கடத்தும் தன்மையைக் கொண்டு கரைந்துள்ள எல்லா உப்புகளையும் சேர்த்து மதிப்பிடுவது. கால்சியத்தைத் தனியாகச் சொல்லாது. சாதாரண உப்பு மிகுந்த தண்ணீர் மீட்டரில் உயர்ந்த எண்ணைக் காட்டினாலும் கடின நீராக இருக்க வேண்டியதில்லை. இதை உணர்ந்து, சோப்புக் கரைசல் எத்தனை சொட்டு விட்டால் நுரை நிற்கிறது என்ற பழைய சோதனையையும் செய்து, சில மாதிரிகளைக் கல்லூரி வேதியியல் ஆய்வகம் ஒன்றில் தரம்பார்த்தல் மூலம் உறுதிசெய்த மாணவி, தன் கருவியின் எல்லையை அறிந்தவர் ஆகிறார். தேர்வுக் குழுவில் உள்ள எந்த விஞ்ஞானியும் அந்த ஒரு பத்தியிலேயே அவரை அடையாளம் கண்டுகொள்வார்.

வேறு கேள்விகளும் இந்த மண்ணிலேயே உள்ளன. திண்டுக்கல் நகரைச் சுற்றியுள்ள தோல் பதனிடும் ஆலைகளால் நிலத்தடி நீர் கெட்டது பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. அங்கிருந்து தொலைவு கூடக்கூடக் கிணற்று நீர் எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம். அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் திறந்த கிணற்றில் நீர்மட்டம் எத்தனை நாளில் ஏறுகிறது என்பதை ஒரு கயிறும் கல்லும் கொண்டு வாரந்தோறும் அளக்கலாம். 2008-இல் புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை மலைவாழையைச் சமவெளி வாழையோடு ஒப்பிடலாம். கருவியே இல்லாதவருக்குத் தரவு இருக்கிறது. இதே திண்டுக்கல் மாவட்டத்தில், கொடைக்கானலில் 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகம் 1904 முதல் சூரியனை நாள்தோறும் படமெடுத்து வந்திருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது இங்கேதான். அந்தப் படங்கள் எண்மமாக்கப்பட்டுப் பொதுவில் கிடைக்கின்றன. ஒரு கைப்பேசியும் பொறுமையும் இருந்தால் சூரியப் புள்ளிகளின் எண்ணிக்கை கூடிக் குறையும் ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சியை ஒரு பள்ளி மாணவர் தானே எண்ணி வரைபடமாக்க முடியும்.

ஆய்வைச் செய்யும் ஒழுங்கைக் கற்க நல்ல பயிற்சிக்களம் 1993 முதல் நடக்கும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு. தமிழ்நாட்டில் இதைக் கிராமங்கள்வரை கொண்டுசென்றதில் 1980-இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்குப் பெரும் பங்குண்டு. 10 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் சிறு குழுவாக, ஒரு வழிகாட்டி ஆசிரியரோடு, தங்கள் ஊர்ச் சிக்கலை ஆய்வு செய்து தாய்மொழியிலேயே அறிக்கை தரலாம். இங்கே கட்டாயமான ஒன்று நாட்குறிப்பேடு. அளந்த அன்றே, அளந்த இடத்திலேயே, பேனாவால் எழுதப்பட்ட குறிப்பேடு. தவறிய அளவுகளை அடித்துவிட்டுக் காரணம் எழுதுவதும், மழையால் போகமுடியாத நாளைக் காலியாக விடுவதும் அதன் நேர்மை. இரண்டு ஆண்டுகள் இப்படி ஒரு குறிப்பேடு வைத்திருந்த மாணவருக்குப் பின்னாளில் எந்த விண்ணப்பக் கட்டுரைக்கும் விஷயம் தேடவேண்டி இராது. காசு கொடுத்தால் மாதிரி செய்து தரும் கடைகள் நகரங்களில் உள்ளன. அவற்றிலிருந்து வரும் படைப்பு மாவட்ட நிலையில் பரிசுகூட வாங்கலாம். ஆனால் நேர்காணலில் ‘இந்த அளவு ஏன் இப்படி வந்தது’ என்ற முதல் கேள்வியிலேயே அது நின்றுவிடும். அதைவிடக் கொடுமை, அந்த மாணவருக்கு ஓர் ஆய்வைத் தானே செய்யும் அனுபவம் கிடைக்காமலே போய்விடுகிறது.

கட்டுரை கேட்கும் முகாம்களில் தவறுகள் பெரும்பாலும் முதல் வரியிலேயே நிகழ்கின்றன. ‘சிறு வயதிலிருந்தே அறிவியலில் எனக்கு மிகுந்த ஆர்வம், விஞ்ஞானியாகி நாட்டுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்’ என்ற வரியை ஆயிரம் பேர் எழுதுகிறார்கள். அது பொய்யல்ல, ஆனால் எழுதியவரைப் பற்றி எதையும் சொல்வதில்லை. ‘எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை என்று அம்மா தெருக்குழாய்க்குப் போவார். இரண்டு தண்ணீரிலும் இருபது இருபது பருப்பாக வேகவைத்துப் பார்த்தேன்’ என்று தொடங்கினால் படிப்பவர் அடுத்த வரிக்குப் போவார். பிறகு என்ன எதிர்பார்த்தார், என்ன கிடைத்தது, எது இன்னும் புரியவில்லை, அதை அறிய இந்த முகாம் ஏன் வேண்டும் என்ற வரிசை தானாகவே அமையும். எதிர்பார்த்த முடிவு வராததைச் சொல்லப் பயப்படத் தேவையில்லை. வராததை எப்படி எதிர்கொண்டார் என்பதைத்தான் குழு தேடுகிறது.

வறுமையையும் வசதியின்மையையும் எவ்வளவு எழுதுவது என்பது நுட்பமான கேள்வி. இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1913 ஜனவரியில் சென்னைத் துறைமுகக் கழகத்தின் எழுத்தர் சீனிவாச ராமானுஜன் கேம்பிரிட்ஜின் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், தன் வேலையையும் சொற்பச் சம்பளத்தையும் பல்கலைக்கழகப் படிப்பு இல்லாததையும் சில வரிகளில் முடித்துவிடுகிறார். அடுத்துப் பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். முன்பு வேறு கணித அறிஞர்கள் பொருட்படுத்தாத நிலையில், ஹார்டியை உட்காரவைத்தது அந்தத் தேற்றங்கள்தாம். சூழலைத் தெளிவாக, சுருக்கமாகச் சொல்லிவிட்டுச் செய்த வேலைக்கு இடம் ஒதுக்குவதே இன்றும் சரியான முறை. பள்ளியில் ஆய்வகம் இல்லை என்பது ஒரு வரி. அதனால் அடுக்களையில் செய்தேன் என்பது அடுத்த வரி.

தமிழ்வழியில் படித்தவர்கள் கட்டுரையை முதலில் தமிழிலேயே எழுதி, கருத்து நிலைபெற்ற பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றுவது நல்லது. ஆங்கிலம் எளிமையாக இருப்பது குறையல்ல. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைக் கொண்டு பிழை திருத்துவது வேறு, எழுதவைப்பது வேறு. பல முகாம்கள் இரண்டாவதைத் தடை செய்கின்றன. தடை இல்லாத இடத்திலும், செயலி எழுதிய கட்டுரை மேற்சொன்ன ஆயிரம் பேரின் வரிகளுக்கே திரும்பிவிடுகிறது.

பரிந்துரைக் கடிதம் கிராமப் பள்ளிகளுக்குப் புதிது. இங்கே ஆசிரியர்கள் நன்னடத்தைச் சான்றிதழ் எழுதிப் பழகியவர்கள்: ‘இம்மாணவி ஒழுக்கமும் உழைப்பும் மிக்கவர்.’ முகாம் கேட்பது ஆசிரியர் தன் கண்ணால் பார்த்த நிகழ்ச்சி. சோப்புச் சோதனை மீட்டரோடு ஒத்துப்போகாதபோது மாணவி மறுநாள் வந்து என்ன கேட்டார் என்பதை எழுதினால் அது ஒரு பக்கப் பாராட்டுக்கு மேல். கடிதத்துக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பே கேட்டு, தான் செய்தவற்றை ஒரு தாளில் குறிப்பாகக் கொடுப்பது ஆசிரியரின் சுமையைக் குறைக்கும். ஆங்கிலத்தில் எழுதத் தயங்கும் ஆசிரியர் தமிழில் எழுத, வேறொருவர் மொழிபெயர்த்ததாகக் குறிப்பிட்டு அனுப்ப முடியுமா என்று முகாமிடமே கேட்டுவிடலாம். தலைமை ஆசிரியரைவிடப் பாடம் எடுத்த ஆசிரியரின் கடிதமே மதிப்புள்ளது.

கணித முகாம்கள் அனுப்பும் கணக்குகளை ஒரே இரவில் போட முடியாது, அவை வாரக்கணக்கில் யோசிப்பதற்கானவை. எல்லாவற்றையும் முடிக்க வேண்டியதில்லை. சிறு எண்களில் சோதித்து, ஒழுங்கைக் கண்டு, ஊகித்து, நிரூபிக்க முயன்று எங்கே நின்றது என்று தெளிவாக எழுதிய பாதி விடை, எங்கிருந்தோ பெற்ற முழு விடையைவிட உயர்வாகவே பார்க்கப்படுகிறது.

பெண் குழந்தைகளின் விஷயத்தில் விண்ணப்பத்தைவிடப் பெரிய தடை வீட்டு அனுமதி. இரண்டு வாரம் வெளியூரில் தங்குவதற்கு ஒப்புதல் கேட்கும்போது உறுதியான தகவல்கள் கைகொடுக்கும். யுவிகாவில் தங்குமிடம், உணவு, பாடப்பொருள், மாணவரின் பயணச் செலவு எல்லாவற்றையும் இஸ்ரோ ஏற்கிறது. அழைத்துச் சென்று திரும்பக் கூட்டிவரும் பெற்றோர் ஒருவருக்கும் ரயில் கட்டணம் உண்டு. இந்தச் செய்தியை அறிவிப்பு வந்த பிறகு சொல்வதைவிட, எட்டாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்திலேயே ஆசிரியர் சொல்லிவிடுவது பல வீடுகளின் முடிவை மாற்றும். இதற்கு எதிரிடையாக, பெரிய பல்கலைக்கழகப் பெயரைப் போட்டு, லட்சக்கணக்கில் கட்டணம் கேட்டு, எல்லோருக்கும் ‘தேர்வாகிவிட்டீர்கள்’ என்று கடிதம் அனுப்பும் கோடை வகுப்புகளும் பெருகிவிட்டன. உண்மையில் கடினமான போட்டி உள்ள முகாம்கள் பல கட்டணமே வாங்குவதில்லை, அல்லது வசதியற்றவர்க்கு உதவித்தொகை தருகின்றன. நிலத்தை அடகு வைத்துச் சேரவேண்டிய எந்த முகாமும் அந்தப் பணத்துக்குத் தகுதியானதல்ல.

யுவிகாவுக்கு ஒருவர் ஒன்பதாம் வகுப்பில் மட்டுமே விண்ணப்பிக்க முடியும், மறு வாய்ப்பு இல்லை. ஆனால் அதற்காகச் சேர்த்த எதுவும் வீணாவதில்லை. அதே பருப்பு ஆய்வை விரிவாக்கிப் பதினேழு வயதுவரை குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குக் கொண்டுபோகலாம். அதில் பிறந்த ஒரு யோசனையைப் பள்ளி மூலம் இன்ஸ்பயர்–மானக்குக்கு அனுப்பலாம். ஒரு பள்ளி ஐந்து யோசனைகள்வரை பரிந்துரைக்க முடியும் என்றாலும் பல பள்ளிகள் அந்த ஐந்தையும் நிரப்புவதில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் இன்ஸ்பயர் முகாமின் வாசலைத் திறக்கிறது. யுவிகாவுக்குத் தேர்வானவர்கள் புறப்படும்போது பதிவேற்றிய ஒவ்வொரு சான்றிதழின் அசலையும், தலைமை ஆசிரியர் சான்றளித்த நகல்களோடு, ஒரே கோப்பில் எடுத்துச் செல்ல வேண்டும். மையத்தில் அசல் சரிபார்க்கப்பட்ட பிறகே சேர்க்கை உறுதியாகிறது.